நெஞ்சு கொடுத்த நோட்டீஸ்!

"மனசே சரியில்லீங்க, ராத்திரி தூக்கம் வரலை" என்று வருகிறவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்கிற வைத்தியம் ஒன்று உண்டு. "நாலு நாள் எங்கேயாவது வெளியூர் போயிட்டு வாங்க. பாதி நோய் வழியிலேயே இறங்கிடும்!"

2024 சித்திரையில் ஒருநாள் ஓர் அம்மாவுக்கு இதைச் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினால், நிலைப்படியில் என் மனைவி. கையில் காபி.

"ஊருக்கெல்லாம் சொல்றீங்களே... நாம எப்பங்க போறது?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. கும்பகோணத்தில் நான் வைத்தியம் பார்க்க உட்கார்ந்து முப்பது வருடம் ஆகிறது. உட்கார்ந்து என்றால் நிஜமாகவே உட்கார்ந்துதான்! காலை ஒன்பதுக்கு நாற்காலியில் அமர்ந்தால் மதியம் இரண்டு. மறுபடி மாலை ஐந்துக்கு அமர்ந்தால் ராத்திரி ஒன்பது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பையனும் வேலைக்குப் போய்விட்டான். இனிமேல் சொல்வதற்குச் சாக்கு எதுவும் பாக்கியில்லை.

அன்று ராத்திரியே காலண்டரை விரித்து வைத்துத் திட்டம் போட்டோம். சித்த மருத்துவம் நிலத்தையும் நோயையும் சேர்த்தே பார்க்கும். மலைநிலமான குறிஞ்சியில் கபநோய்கள் வரும், கடலோர நெய்தலில் வாதநோய்கள் வரும், வயலும் ஆறும் உள்ள மருதமோ நோய்களைத் தீர்க்கிற நிலம் என்று படித்தவன் நான். காவிரிக் கரையில் நாங்கள் இருப்பது மருதம். 'நமக்கென்ன குறை, மற்ற நிலங்களையும் பார்த்துவிட்டு வருவோம்' என்று பெருமையோடு புறப்பட்டேன். அந்தப் பெருமை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை!

ஆயிரம் படி

முதல் பயணம் கொல்லிமலை. மே மாதம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவுக்குள் பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார்கள். மனைவிக்கு இஞ்சித் துண்டு கொடுத்து, "புத்தகம் பார்க்காதே, தூரத்து மலையைப் பார்" என்று சொல்லி வைத்தியர் என்ற பெயரைக் காப்பாற்றிக் கொண்டேன்.

அறப்பளீஸ்வரரைத் தரிசித்துவிட்டு ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது விளையாட்டாகத்தான் இருந்தது. அருவியில் குளித்து, சிரித்து, திரும்ப ஏறும்போதுதான் விஷயம்.

இருநூறு படி ஏறியிருப்பேன். நடு நெஞ்சில் யாரோ கைவைத்து அழுத்துகிற மாதிரி ஒரு பாரம். வலி என்று சொல்ல முடியாது. இடது தோளில் ஒரு கனம். நின்றேன், இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. மறுபடி ஏறினேன், மறுபடி வந்தது. இப்படி நாலைந்து தடவை.

"என்னங்க, முகமெல்லாம் இப்படி வேர்க்குது?"

"வாயு! காலையில சாப்பிட்ட பூரிதான். மேலே போய் ஒரு சுக்குக் கஷாயம் குடிச்சா சரியாப் போயிடும்."

மேலே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்றுக் கொண்டிருந்த ஒரு பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஐயா, உக்காரு. மூச்சு வாங்கும்போது நடக்காதே" என்று தன் முக்காலியை எடுத்துப் போட்டார். அந்தக் கிழங்கு ரோமம் மூடிய ஆட்டுக்கால் போலவே இருக்கும். மூட்டு வலிக்கு நல்லது என்று மலையில் எல்லோரும் குடிக்கிறார்கள். சூடான நல்ல சூப்தான். ஆனால் அன்று என் பிரச்னை மூட்டில் இல்லையே!

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்: "அம்பத்தாறு வயசு பேஷன்ட் ஒருத்தர் வந்து, படி ஏறினா நெஞ்சு அழுத்துது, நின்னா போயிடுதுன்னு சொன்னா, நீங்க வாயுன்னு அனுப்பிடுவீங்களா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை. ஏனென்றால், எத்தனை பேரை அப்படி அனுப்பியிருப்பேனோ என்ற பயம் அந்த நிமிஷம்தான் முதல் தடவையாக வந்தது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம்

நேராக நாமக்கல்லுக்கு இறங்கி ஈ.சி.ஜி. எடுத்தோம். அதிலேயே மாற்றம் தெரிந்தது. அங்கிருந்து திருச்சி. மறுநாள் ஆஞ்சியோகிராம். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றில் தொண்ணூறு சதவிகித அடைப்பு. ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள்.

இதய மருத்துவர் என் பெண்ணைவிட இரண்டு வயது பெரியவராக இருக்கலாம், அவ்வளவுதான். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், கடைசியா ஷுகர் எப்ப பார்த்தீங்க?"

நாலைந்து வருடம் இருக்கும் என்றேன். மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.1 இருந்தது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய். தினமும் முப்பது பேருக்கு நாடி பிடிக்கிற நான் என் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை! சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி சுரீரென்று தெரியாமல், வெறும் பாரமாகவோ மூச்சு வாங்கலாகவோ வரலாம் என்பதும் நான் அறியாதது இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்தபோது, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி வகுப்பறை ஞாபகம் வந்தது. உடம்பின் பதினான்கு வேகங்களை அடக்கக் கூடாது என்பது முதல் பாடங்களில் ஒன்று. பசி, தாகம், தூக்கம், தும்மல், சிறுநீர், கண்ணீர்... அந்தப் பட்டியலில் இளைப்பும் உண்டு. பரீட்சையில் அத்தனையும் எழுதி மார்க் வாங்கியவன், ஆகாய கங்கைப் படியில் இளைப்பை அடக்கிக் கொண்டு ஏறினேன். சூப் விற்கிற பாட்டிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

சொல்வதா, மறைப்பதா?

ஊருக்குத் திரும்பியதும் வேறு ஒரு கவலை. 'சித்த வைத்தியருக்கே இங்கிலீஷ் வைத்தியமா?' என்று நாலு பேர் சிரிப்பார்களே! ஒரு மாதம் கிளினிக் மூடியிருந்ததற்குக் 'குடும்ப வேலை' என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஜூன் கடைசியில் திறந்தபோது பாதி மனசு அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் நாள் பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். "வைத்தியரே, வரப்பில நடந்தா நெஞ்சு அடைக்குது. வாயுவுக்கு ஏதாவது சூரணம் குடுங்க." என் வார்த்தையை அப்படியே என்னிடமே திருப்பிச் சொல்கிறார்!

அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து என் மாத்திரைச் சீட்டை எடுத்துக் காட்டினேன். "எனக்கே இதுதாங்க ஆச்சு. சூரணம் அப்புறம். முதல்ல ஈ.சி.ஜி." அன்றே போனார். அவருக்கும் அடைப்பு இருந்தது. சரியான நேரத்தில் போனதால் பிழைத்தார். இப்போது வரப்பில் நடக்கிறார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

என் வைத்தியத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டதா? இல்லவே இல்லை. செரிமானம், தோல், மூட்டு, உணவு, ஒழுக்கம் இவற்றில் அது எத்தனை பேருக்கு உதவுகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் அடைத்த குழாயைத் திறக்கச் சூரணத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. 'மூலிகைதானே, என்ன செய்யும்' என்றும் நினைக்காதீர்கள். தொண்டைக்கு நல்லதான அதிமதுரத்தைத் தினமும் நிறையச் சாப்பிட்டால் பி.பி. ஏறும். அந்த மாத்திரையோடு பூண்டை மருந்தளவுக்கு அதிகமாகச் சேர்த்தால் ரத்தக்கசிவு வரலாம். எது சாப்பிட்டாலும் இரண்டு பக்க டாக்டர்களுக்கும் தெரிய வேண்டும்.

துணிக்குக் காவல்

ஆடி மாதம் டாக்டர் அனுமதியோடு குற்றாலம். ஆனால் ஒரு நிபந்தனை: கூட்டத்தில் முண்டியடித்து அருவிக்குள் போகக் கூடாது. ஆகவே மனைவி ஐந்தருவியில் ஆசை தீரக் குளிக்க, நான் துண்டும் பையும் மடியில் வைத்துத் துணிக்குக் காவல்! முப்பது வருடமாக அவள் எனக்குச் செய்த வேலை அது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த வருடம் மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்த சோகம் எல்லோர் மனதிலும் இருந்தது. தண்ணீர் கலங்கி வந்தாலோ, காவலர் விசில் அடித்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

திரும்பும் வழியில் பாளையங்கோட்டை. 1964-ல் ஆரம்பித்த எங்கள் கல்லூரி வாசலில் சிறிது நேரம் நின்றேன். அடுத்த நாளிலிருந்து தினம் அரைமணி நடை. முதல் வாரம் பத்து நிமிடம்தான். மகாமகக் குளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிடுவேன். அப்புறம் இரண்டு, மூன்று என்று ஏறியது. மூன்று வேளை அரிசி ஒரு வேளையானது. கார்த்திகையில் பார்த்தபோது ஹெச்பிஏ1சி 6.9.

உப்பளத்தில் ஒரு பாடம்

2025 ஜனவரியில் நெய்தல் நிலம். வேதாரண்யமும் கோடியக்கரையும். சதுப்பில் பூநாரைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்து மனைவி குழந்தை மாதிரிக் கை தட்டினாள்.

அகஸ்தியம்பள்ளியில், 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய இடத்தைப் பார்த்தோம். வெயிலில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். அன்று நாட்டுக்காக ஒரு பிடி உப்பை அள்ளினார்கள். இன்று நாம் நாக்குக்காக அள்ளுகிறோம்! ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன்கூட நிரம்பாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டு மேஜையிலிருந்து ஊறுகாய் ஜாடி அலமாரிக்குப் போய்விட்டது. அதற்கு என்னைவிட அதிகம் வருந்தியவர் யாரும் இல்லை.

புறப்படும் முன் ஐந்து விஷயம்

1. நாற்பது தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பி.பி., ஷுகர், கொழுப்பு பார்த்துவிடுங்கள். மலையேற்றம், பாத யாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

2. நடந்தால் வந்து நின்றால் போகிற நெஞ்சுப் பாரம், மூச்சு வாங்கல், தாடை அல்லது தோள் கனம் இவற்றை 'வாயு' என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். நின்ற பிறகும் போகவில்லை, வேர்த்துக் கொட்டுகிறது என்றால் உடனே 108. பெண்களுக்கு வெறும் அசதியாகவும் குமட்டலாகவும்கூட வரலாம்.

3. மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் அல்ல. சீட்டின் நகலும் கூடவே இருக்கட்டும். ஷுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

4. 'வழியில் பாத்ரூம் சரியிருக்காது' என்று பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வருவது பெரிய தப்பு. நீரை அடக்கினால் நீர்க்கடுப்பும் தொற்றும் வரும். வண்டியை நிறுத்தச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

5. நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நாலு எட்டு நடங்கள். காலில் ரத்தம் தேங்கி உறைவதை அது தடுக்கும்.

மறுபடியும் அதே படி

பங்குனியில் டாக்டர் டிரெட்மில் பரிசோதனை செய்து, "மெதுவா நடக்கலாம் சார், ஆனா பந்தயம் வேண்டாம்" என்றார். எங்கே போனோம் என்று சொல்லவும் வேண்டுமா? அதே எழுபது வளைவு, அதே கொல்லிமலை.

இந்தத் தடவை இருநூறு படிதான் இறங்கினோம். கீழே அருவிச் சத்தம் கேட்டது. திரும்பி ஏறும்போது இருபது படிக்கு ஒருமுறை நின்றேன். நெஞ்சு பேசாமல் இருந்தது. மேலே அதே பாட்டி. என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. நான் மட்டும் அவர் கையைப் பிடித்துக் கொண்டு, "போன வருஷம் உங்க முக்காலி என்னைக் காப்பாத்திச்சு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கப் சூப் ஊற்றினார்.

"மிச்ச எண்ணூறு படி?" என்று கேட்டாள் மனைவி.

"அது எங்கேயும் போயிடாது. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்!" என்றேன்.