புழக்கடைப் பச்சிலைப் பானங்கள்

காப்பியோ தேயிலையோ புகாத வீடு நம் கிராமங்களில் இக்காலத்தில் அரிது. அவற்றை அறவே விட்டுவிடும்படி குடியானவர்களை நாம் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் பலன் இராது. ஆயினும் மாலையில் ஒரு வேளையேனும் தம் புழக்கடையில் விளைந்த பச்சிலையின் ஊறலைப் பருகுவது இராத் தூக்கத்துக்கு இடையூறு செய்யாது, கைச்செலவையும் குறைக்கும். இதற்கென நன்செய் நிலத்தை ஒதுக்க வேண்டியதில்லை. கிணற்று வாய்க்காலின் கரையும் களத்துமேட்டின் ஓரமுமே போதும்.

முதலில் எலுமிச்சைப்புல்லைச் சொல்லலாம். இதை வாசனைப்புல் என்றும் கூறுவர். பானத்துக்கு ஏற்ற இனம் பூப்பது அரிதாகையால், பழைய தூரைப் பெயர்த்துக் கிளைப்புகளாகப் பிரித்து நடுவதே வழி. நுனித் தாளைக் கத்தரித்து, பழைய வேரையும் சருகையும் நீக்கி, 2 அடிக்கு ஒன்றாக நடவேண்டும். ஈரம் அவசியமே எனினும் நீர் தேங்கலாகாது. தேங்கினால் தூர் அழுகிவிடும். நட்ட மூன்று நான்கு மாதங்களில், தரையிலிருந்து அரையடி விட்டு அறுக்கலாம். பிறகு இரண்டு மாதங்களுக்கொருமுறை அறுத்துவரலாம். சில ஆண்டுகள் சென்றபின் தூரின் நடுப்பாகம் பட்டுப்போகத் தொடங்கும். அப்போது பிரித்து வேறிடத்தில் நடுவது நலம்.

துளசியின் விதை மிக நுண்ணியது. மணலுடன் கலந்து நாற்றங்காலில் தூவி, ஆறு வாரத்து நாற்றைப் பிடுங்கி நடவேண்டும். பூங்கொத்துகள் தோன்றும் தருணத்தில் மணம் மிகுந்திருக்கும். விதை முற்றும்வரை விட்டுவைத்தால் இலை சிறுத்துப் பழுக்கும். புதினாவைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை; தண்டை நட்டு நிழலும் நீரும் கொடுத்தால் அதுவே படர்ந்துகொள்ளும். ஆவாரை எங்கும் தானாகவே வளர்வது. ஆனால் வண்டிகள் ஓயாது செல்லும் சாலையோரத்துப் பூவைப் புழுதியோடும் புகையோடும் பறித்து வருவதைக் காட்டிலும், வரப்பில் நாலு செடி வைத்துக்கொள்வதே மேல்.

செடி வளர்ப்பதில் தவறுவோர் சிலரே. உலர்த்துவதில் தவறுவோர்தாம் அநேகர். நெல்லை உலர்த்துவதுபோல் பச்சிலையையும் வெயிலில் பரப்புகிறார்கள். இலையின் மணமும் குணமும் அதிலுள்ள ஆவியாகும் எண்ணெயில் இருக்கின்றன. கடும் வெயிலில் அவ்வெண்ணெய் பெரும்பாலும் பறந்துபோய், நிறம் வெளிறிய சருகே மிஞ்சும். பனி உலர்ந்த பின், வெயில் ஏறுமுன் பறித்து, கழுவி நீரை வடித்து, காற்றோட்டமுள்ள திண்ணையிலோ தாழ்வாரத்திலோ மூங்கில் தட்டியின்மேல் மெல்லிய படலமாகப் பரப்பவேண்டும். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிக் கறுத்துவிடும். தினம் இருமுறை கிளறிவிட, நான்கு முதல் ஏழு நாட்களில் உலரும். காம்பு வளையாமல் முறிவதே பதம். ஐந்து கிலோ துளசி இலை காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பது நலம். தையும் மாசியும் ஏற்றவை. உலர்ந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் வெளிச்சம் படாமல் வைத்து, மாதத்தை எழுதி ஒட்டி, ஓராண்டுக்குள் செலவழித்துவிடவேண்டும்.

இலையையும் பூவையும் கொதிக்க வைக்கலாகாது. கொதித்து இறக்கிய 200 மில்லி நீரில் ஒரு தேக்கரண்டி உலர்ந்த இலையை இட்டு, மூடி, ஐந்து முதல் பத்து நிமிஷம் ஊறவிட்டு வடிகட்டவேண்டும். மூடாமல் விட்டால் தெருவெல்லாம் மணக்கும். பானத்தில் மணம் இராது. இஞ்சி, சுக்கு முதலிய கெட்டிப் பொருள்களைத் தட்டிப் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்க வைக்கவேண்டும். கருப்பட்டி சேர்ப்பது அவரவர் ருசியைப் பொறுத்தது.

பச்சிலை என்றாலே தீங்கற்றது என நினைப்பது பெரும் பிழை. நீரிழிவுக்கு நல்லதென்று கேள்விப்பட்டு நித்தியகல்யாணியைக் காய்ச்சிப் பருகுவோர் நம்மிடையே உண்டு. இதே நம்பிக்கை ஜமைக்காத் தீவிலும் இருந்தது. அங்கிருந்து 1950-களில் கனடாவுக்கு வந்த இலையை ராபர்ட் நோபிள் என்னும் ஆராய்ச்சியாளர் எலிகளிடம் சோதித்தார். சர்க்கரை குறையவில்லை, குருதியின் வெள்ளணுக்களே குறைந்தன. அவரும் சார்ல்ஸ் பீர் என்பவரும் 1958-ல் அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது பின்னர்ப் புற்றுநோய் மருந்தாயிற்று. மருத்துவர் அளவறிந்து ஊசியில் செலுத்தும் பொருள் அடங்கிய செடியை அடுப்பில் ஏற்றிக் குடிப்பது எவ்வளவு அபாயம் என்பதைக் கிராம அதிகாரிகள் ஊராருக்கு எடுத்துச் சொல்லவேண்டும். ஆவாரம்பூவும் சர்க்கரையைக் குறைக்கும் என்பது பழைய கருத்து. ஆகையால் நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர் மருத்துவரைக் கேளாமல் அதைத் தினமும் பருகலாகாது. கர்ப்பிணிகளும் இப்பானங்கள் எதையும் தொடர்ந்து அருந்துமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

பருத்திக்கோ கத்தரிக்கோ மருந்து தெளிக்கும் வயலின் காற்று வாக்கில் இச்செடிகளை வைக்கக்கூடாது. மிகுந்ததை விற்க விரும்புவோர் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளவேண்டும். எலுமிச்சைப்புல் கிளைப்புக்கு விலை கொடுக்கவேண்டியதில்லை; பழைய தூர் ஒன்று அண்டையில் இருந்தால், பருவமழை தொடங்கியதும் பிரித்துப் பத்து வீட்டுக்குக் கொடுக்கலாம்.