உலகக் கோப்பை ஊருக்கு வந்தால் உள்ளூர்க் கடைக்கு என்ன?

ஊரில் தேர்த் திருவிழா என்றால் வியாபாரம் பல மடங்கு என்பது நம் வணிகர்களுக்கு அனுபவத்தில் தெரிந்த கணக்கு. பழக்கடை, பாத்திரக்கடை, மிட்டாய்க் கடை, மளிகைக் கடை என எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. வந்த கூட்டம் எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்கலாம். சர்வதேசக் கால்பந்துப் போட்டியும் அப்படிப்பட்ட ஒரு திருவிழாதான் என்று நினைப்பது இயல்பு.

ஆனால் இதன் கணக்கே வேறு. கூட்டம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, யார் எங்கே எதை விற்கலாம் என்பது காகிதத்தில் எழுதிக் கையெழுத்தாகிவிடுகிறது. அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது, அதில் சிறு வியாபாரிகளின் இடம் எது என்பதை நம் உறுப்பினர்கள் அறிந்திருப்பது நல்லது. நமக்கு அருகிலுள்ள கொச்சி நகரத்துக் கடைக்காரர்களுக்கே 2017-ல் இந்த அனுபவம் ஏற்பட்டது.

ஏற்பாடு எப்போது தொடங்குகிறது?

உலகக் கோப்பையின் உரிமை ஃபிஃபா எனப்படும் சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனத்திடம் உள்ளது. போட்டியை நடத்த விரும்பும் நாடு விண்ணப்பம் போட வேண்டும். தென் ஆப்பிரிக்கா 2010 போட்டியை 2004 மே மாதத்திலேயே பெற்றது. வாக்கெடுப்பில் அதற்கு 14 வாக்குகள், மொராக்கோவுக்கு 10. பிரேசிலுக்கு 2014 போட்டி 2007 அக்டோபரில் கிடைத்தது. கத்தாருக்கோ 2022 போட்டி 2010-லேயே முடிவாகிவிட்டது.

விண்ணப்பத்துடன் அரசாங்கம் பல உறுதிமொழிகளை எழுதித் தர வேண்டும். வெளிநாட்டவருக்கு விசா, பாதுகாப்பு, வரிச்சலுகை, அந்நியச் செலாவணி வசதி ஆகியவற்றோடு ஃபிஃபாவின் வணிக உரிமைகளைக் காப்பதாகவும் உறுதி தர வேண்டும். போட்டி நடக்கும் ஒவ்வொரு நகரமும் தனியே ஒப்பந்தம் போடுகிறது. அதன் பிறகுதான் அரங்கம், பயிற்சி மைதானம், ஓட்டல், சாலை, டிக்கெட் விற்பனை எல்லாம்.

வரவு யாருக்கு, செலவு யாருக்கு?

2014 உலகக் கோப்பையில் ஃபிஃபாவுக்கு வந்த வருமானம் சுமார் 480 கோடி டாலர். இதில் பாதியளவு, அதாவது சுமார் 240 கோடி டாலர், தொலைக்காட்சி உரிமையில் வந்தது. ஸ்பான்சர் நிறுவனங்கள் தந்தது சுமார் 160 கோடி. டிக்கெட் விற்பனையில் வந்ததோ 50 கோடியை ஒட்டித்தான். ஃபிஃபாவின் செலவு சுமார் 220 கோடி போக, மிச்சம் 260 கோடி டாலர்.

அரங்கம், விமான நிலையம், சாலை ஆகியவற்றுக்குப் பிரேசில் செய்த செலவு 1,100 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. அமேசான் காட்டு நகரமான மனாவுஸில் 40,000 பேர் அமரும் புது அரங்கம் கட்டினார்கள்; அங்கே நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் நான்கே நான்கு.

ஸ்பான்சர் நிறுவனம் கோடிக்கணக்கில் பணம் தருவது ஏன்? போட்டியின் பெயரையும் சின்னத்தையும் தான் மட்டுமே பயன்படுத்த வேண்டும், அரங்கைச் சுற்றி வேறு யாரும் விளம்பரம் செய்யக் கூடாது என்பதற்காகத்தான். விற்கப்படுவது இந்தத் தனியுரிமை. அதைக் காவல் காக்கும் பொறுப்பு, போட்டி நடத்தும் நாட்டின் தலையில் விழுகிறது. சிறு வியாபாரியின் பிரச்சினை இங்கேதான் ஆரம்பமாகிறது.

மிட்டாய் உறையில் வந்த வழக்கு

தென் ஆப்பிரிக்க அரசு 2006-லேயே, அதாவது ஆட்டம் தொடங்க நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, உலகக் கோப்பையைச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற நிகழ்ச்சியாக அறிவித்தது. அந்த நாட்டின் மொத்த வியாபார நிறுவனங்களில் ஒன்றான மெட்கேஷ், '2010 பாப்ஸ்' என்ற பெயரில் குச்சி மிட்டாய் விற்றது. உறையில் கால்பந்துப் படமும் தேசியக் கொடியின் சாயலும் இருந்தன. ஃபிஃபாவின் சின்னமோ, கோப்பையின் படமோ இல்லை. ஆனாலும் ஃபிஃபா வழக்குத் தொடுத்தது. 2009-ல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் ஃபிஃபாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சின்னத்தை அப்படியே அச்சிடாவிட்டாலும், போட்டியின் புகழை வைத்துச் சரக்கை விற்க முயன்றதே தவறு என்றாகிவிட்டது.

அதே நாட்டில் 'குலூலா' என்ற மலிவு விலை விமான நிறுவனம், போட்டியின் பெயரைச் சொல்லாமல் 'உங்களுக்கே தெரிந்த அந்த விஷயம்' என்று கேலியாக விளம்பரம் செய்தது. அதையும் ஃபிஃபா நிறுத்தச் சொன்னது.

டர்பன் காலைச் சந்தை

தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில் அரையிறுதி உள்பட ஏழு ஆட்டங்கள் நடந்தன. அந்த நகரின் வார்விக் பகுதியில் 1910-ல் தொடங்கிய காலைச் சந்தை ஒன்று உண்டு. காய்கறி, பழம், பூ விற்கும் இடம். கரும்புத் தோட்ட வேலைக்கு 1860 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகவும் கப்பலேறிப் போன இந்தியர்களின் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்திருந்தனர். அவர்களில் தமிழ்க் குடும்பத்தினரும் உண்டு. அவர்களோடு கறுப்பின வியாபாரிகளும் அங்கே பிழைத்து வந்தனர்.

உலகக் கோப்பை நெருங்கும் நேரத்தில், 2009-ல், இந்தச் சந்தையை இடித்துவிட்டு ஒரு பெரிய வணிக வளாகம் கட்ட மாநகராட்சி திட்டமிட்டது. நகரை அழகுபடுத்துவது, உலகக் கோப்பைக்குத் தயாராவது என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். வியாபாரிகள் இனவேறுபாடு பாராமல் ஒன்று சேர்ந்தனர். போராட்டம் நடந்தது, போலீசாருடன் மோதலும் ஏற்பட்டது. சட்ட உதவி அமைப்பின் துணையோடு நீதிமன்றம் சென்றனர். வழக்கு நடக்கும்போதே உலகக் கோப்பையும் வந்து போய்விட்டது. சந்தை அப்படியே நின்றது. 2011-ல் மாநகராட்சி தன் முடிவைத் திரும்பப் பெற்றது. தனித்தனிக் கடைக்காரராக நின்றிருந்தால் இது நடந்திருக்குமா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரேசிலின் காராமணி வடை

பிரேசிலில் 2012-ல் உலகக் கோப்பைக்கென்றே ஒரு பொதுச் சட்டம் இயற்றினார்கள். அரங்கைச் சுற்றி அதிகபட்சம் 2 கிலோமீட்டர் தூரம் வரை தனியுரிமை வட்டம் போடலாம் என்று அது கூறியது. ஆனால் அதே பிரிவில் ஒரு வரி சேர்ந்திருந்தது: ஏற்கெனவே முறையாக நடந்துவரும் கடைகளின் வியாபாரத்துக்கு இடையூறு செய்யக் கூடாது, அந்தக் கடைகள் போட்டியோடு தங்களைத் தொடர்புபடுத்தி விளம்பரம் செய்யாமல் இருந்தால் போதும். உரிமம் உள்ள கடைக்காரருக்கு இந்த ஒரு வரியே பாதுகாப்பு.

உரிமக் கடை இல்லாத தெரு வியாபாரிக்கு அந்த வரி உதவவில்லை. சால்வடோர் நகரில் 'அக்கராஜே' என்று ஒரு பலகாரம். காராமணியை ஊறவைத்து, தோல் நீக்கி, வெங்காயத்துடன் அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரித்தெடுப்பது. நம்மூர் வடைக்கு அக்காள் தங்கை என்று சொல்லலாம். வெள்ளை உடையும் தலைக்கட்டும் அணிந்த பெண்கள் பழைய ஃபோன்டே நோவா அரங்கில் பல்லாண்டுகளாக இதை விற்றுவந்தனர். புது அரங்கம் எழும்பியதும் அவர்களுக்கு இடமில்லை என்ற நிலை வந்தது. அந்தப் பெண்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. சங்கத்தின் பெயரால் ஆயிரக்கணக்கானோரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அரங்கத் திறப்பு விழா நேரத்திலும் குரல் கொடுத்தார்கள். முடிவில் 2013-ல் நடந்த முன்னோட்டப் போட்டியின்போது ஆறு பெண்களுக்கு அரங்க வளாகத்தில் விற்க அனுமதி கிடைத்தது. ஆறு என்பது சிறிய எண்தான். ஆனாலும் சங்கம் இல்லாதிருந்தால் அதுவும் இல்லை.

கொச்சியில் நடந்தது

இந்தியாவில் 2017 அக்டோபர் 6 முதல் 28 வரை, 17 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கான உலகக் கோப்பை நடைபெற்றது. டில்லி, கொல்கத்தா, கொச்சி, குவாஹாட்டி, மட்காவ், நவி மும்பை ஆகிய ஆறு இடங்கள், 24 அணிகள், 52 ஆட்டங்கள். மொத்தம் 13 லட்சத்துக்கும் அதிகமானோர் நேரில் பார்த்தனர்.

கொச்சி கலூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு அரங்கின் கீழ்த்தளம் முழுக்கக் கடைகள். அந்தக் கட்டடம் கிரேட்டர் கொச்சி வளர்ச்சி ஆணையத்துக்குச் சொந்தம், கடைக்காரர்கள் வாடகைதாரர்கள். பாதுகாப்பு விதிகளின்படி, போட்டி முடியும்வரை கடைகளைக் காலி செய்ய வேண்டும் என்று அவர்களிடம் கூறப்பட்டது. வாசலில் பிரேசிலும் ஸ்பெயினும் மோதுகின்றன, கடையிலோ பூட்டு! கடைக்காரர்கள் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினர். கடைகளை மூடத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அவர்களுக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு ஈடு தர வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏற்று வழிசெய்தது.

இந்தியாவுக்கு அந்தப் போட்டி 2013 டிசம்பரில் ஒதுக்கப்பட்டது. கடைகள் பற்றிய வழக்கோ போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சூடுபிடித்தது. இடையில் இருந்த ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் இழப்பீடு பற்றிப் பேசித் தீர்த்திருந்தால் இரு தரப்புக்கும் தலைவலி குறைந்திருக்கும்.

சரக்கு வாங்கிவைப்பதில் உள்ள ஆபத்து

அனுமதி பெற்ற நிறுவனத்துக்கே சில சமயம் அடி விழும். கத்தாரில் 2022 உலகக் கோப்பை நவம்பர் 20-ல் தொடங்கியது. இரண்டே நாள் முன்னதாக, நவம்பர் 18-ல், அரங்க வளாகங்களில் பீர் விற்பனை கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். பல கோடி டாலர் கொடுத்து உரிமை பெற்ற பட்வைசர் நிறுவனத்தின் சரக்கு கிடங்கில் தேங்கியது. கோப்பையை வெல்லும் நாட்டுக்கு அதை அனுப்பப் போவதாக அந்த நிறுவனம் சொல்லிச் சமாளித்தது. அவர்களால் அப்படிச் சமாளிக்க முடியும். கடனுக்குச் சரக்கு எடுத்த சில்லறை வியாபாரியால் முடியுமா?

நம் சங்கங்கள் கவனிக்க வேண்டியவை

நம் பகுதியில் பெரிய சர்வதேசப் போட்டி எதுவாக இருந்தாலும், கீழ்க்கண்டவற்றைக் கருத்தில் கொள்வது நலம்.

1. போட்டி அறிவிக்கப்பட்ட உடனேயே சங்கத்தின் பெயரில் மாநகராட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் கடிதம் கொடுத்து, தடை வட்டத்தின் வரைபடத்தைக் கேட்க வேண்டும். எந்தெந்தத் தெரு, எந்தெந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பது எழுத்தில் வேண்டும்.

2. ஏற்கெனவே உரிமம் பெற்று நடக்கும் கடைகளுக்கு விலக்கு உண்டு என்ற வாசகத்தைக் கேட்டுப் பெற வேண்டும். பிரேசில் சட்டத்தில் உள்ள வரியை முன்னுதாரணமாகக் காட்டலாம்.

3. நடைபாதை வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. அப்புறப்படுத்துவதற்கு முன் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பது அதில் உண்டு. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும்.

4. போட்டியின் சின்னம், கோப்பையின் படம், அதிகாரபூர்வ வாசகம் ஆகியவற்றை விளம்பரப் பலகையிலும் பையிலும் அச்சிட வேண்டாம். 2003-ல் கிரிக்கெட் உலகக் கோப்பையை ஒட்டி நடந்த ஒரு வழக்கில், சின்னத்தைப் பயன்படுத்தாமல் பரிசுத் திட்டம் அறிவித்த நிறுவனத்துக்குத் தடை விதிக்க டில்லி உயர் நீதிமன்றம் மறுத்தது உண்மை. ஆனால் சின்னத்தையே பயன்படுத்தினால் டிரேட் மார்க் சட்டமும் பதிப்புரிமைச் சட்டமும் குறுக்கே வரும். சந்தேகம் இருந்தால் வக்கீலைக் கேட்டுவிட்டு அச்சகத்துக்குப் போகலாம்.

5. அரங்கின் உள்ளே விற்க முடியாவிட்டாலும், ஓட்டல்களுக்கும் சமையல் காண்டிராக்டர்களுக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி தேவைப்படும். மொத்த வியாபாரிகள் இதை முன்கூட்டியே விசாரிக்கலாம். புதிதாக வரும் காண்டிராக்டருக்கு முன்பணம் இல்லாமல் கடன் தர வேண்டாம். போட்டி முடிந்தால் ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

6. போட்டி முடிந்தாலும் விற்கக்கூடிய சரக்கையே கூடுதலாக வாங்குங்கள். தேதியும் ஆண்டும் அச்சிட்ட பொருள் மறுநாளே குப்பை. திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கம்பெனி எழுத்தில் சொன்னால் மட்டும் இறக்குங்கள். சாலை மூடப்படும் நாட்களுக்கு முன் இரவிலேயே லாரி வந்துவிட வேண்டும்.

7. தினசரி விற்பனைக் கணக்கும் வரிக் கணக்கும் ஒழுங்காக இருக்கட்டும். இழப்பீடு கேட்கும் நாளில் முதலில் கேட்கப்படுவது 'சாதாரண நாளில் உங்கள் விற்பனை எவ்வளவு?' என்பதுதான். துண்டுச் சீட்டைக் காட்டி அதற்குப் பதில் சொல்ல முடியாது.

2026 உலகக் கோப்பைக்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள், மூன்று நாடுகள் என்று ஃபிஃபா திட்டமிட்டது. 2034 போட்டியை எந்த நாட்டுக்குத் தருவது என்பதை 2024 டிசம்பரிலேயே முடிவு செய்துவிட்டது. அவர்கள் பத்து ஆண்டுகளுக்கு முன்னதாகத் திட்டமிடுகிறார்கள். வியாபாரிகளாகிய நாம் பத்து நாளைக்கு முன் விழித்தால் போதாது. டர்பன் சந்தைக்காரர்களுக்கும் சால்வடோர் வடைக்காரப் பெண்களுக்கும் கொச்சிக் கடைக்காரர்களுக்கும் கைகொடுத்தது பணபலம் அல்ல, ஒற்றுமைதான். அதே ஒற்றுமையை ஒப்பந்தம் எழுதப்படும் காலத்திலேயே காட்டினால், திருவிழா நமக்கும் திருவிழாவாக இருக்கும்.