கடற்பஞ்சினுள் ஒரு நுண்ணுலகம்

சேதராப்பட்டைத் தொழிற்பேட்டை என்ற அளவிலேயே இன்று பலரும் அறிவர். அவ்வூரையும் அடுத்துள்ள வழுதாவூரையும் சூழ்ந்த நிலத்தின் சுண்ணாம்புப் பாறைகளோ, ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகட்கு முன் கடலடியில் படிந்தவை. புதுவை வட்டாரத்தில் திரட்டப்பெற்ற சிப்பி, அம்மோனைட்டு முதலியவற்றின் கல்லுருவங்களை அறிஞர் எட்வர்டு ஃபோர்ப்சு 1846இல் விளக்கி எழுதினார். அக்கடல் விலகிற்று, அம்மோனைட்டுகள் பூண்டோடு அழிந்தன. அவற்றினும் பழைய குலமாகிய கடற்பஞ்சுகள் மட்டும் நம் கடல்களில் இன்றும் வாழ்கின்றன.

அவற்றைக் காண விழைவோர் தெற்கே மன்னார் வளைகுடாவை நாட வேண்டும். அங்கும் பாக் நீரிணைப் பகுதியிலுமாக 275 இனங்களை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்து அறிஞர் பி. ஏ. தாமசு கணக்கிட்டுள்ளார். கீழக்கரை, இராமேசுவரம் பகுதிகளில் சங்கு குளிப்போர்க்கு இவை புதியன அல்ல.

கடற்பஞ்சு செடியன்று, விலங்கே. ஆயினும் அதற்கு வாயில்லை, வயிறில்லை, இதயமில்லை, நரம்பில்லை. உடலெங்கும் துளைகள்; அவற்றின்வழி நீரை இழுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்களை வடித்து உண்டு, எஞ்சிய நீரை வெளியேற்றுகிறது. ஒரு கிலோ எடையுள்ள பஞ்சு நாளொன்றுக்கு 24,000 லிட்டர் வரை நீரை வடிகட்டவல்லது என்பர்.

வியப்பு இனித்தான் தொடங்குகிறது. பாக்டீரியாவையே உணவாகக் கொள்ளும் இவ்வுயிரின் உடலில், சில இனங்களில் 35 முதல் 40 விழுக்காடு வரை நுண்ணுயிரிகளே நிறைந்துள்ளன! உண்பவன் வீட்டிலேயே உணவு குடியிருப்பது எங்ஙனம்? மத்தியதரைக் கடலின் அப்லிசினா என்னும் பஞ்சைக் கொண்டு 2007இல் செருமானிய ஆய்வாளர் இதனைச் சோதித்தனர். கடல்நீரின் பாக்டீரியாக்களை ஊட்டியபோது பஞ்சு அவற்றை உண்டது. தன் உடலினின்று பிரித்தெடுத்தவற்றை ஊட்டியபோது உண்ணாது வெளியே விட்டது. தன் குடியினரைப் பஞ்சு அடையாளம் காண்கிறதா, அக்குடியினரே பஞ்சின் கண்ணில் படாது தம்மை மறைத்துக்கொள்கின்றனரா என்பது இன்னும் ஆய்வுக்குரியது.

குடியிருப்போர் வாடகை தராமலும் இல்லை. சில வகையின கதிரொளியால் உணவு சமைக்கின்றன. வேறு சில பஞ்சின் கழிவாகிய அம்மோனியாவை மாற்றி நீக்குகின்றன. பல இனங்களில் தாய்ப்பஞ்சு தன் நுண்ணுயிரிகளை இளவுயிரிக்கே சீதனமாகக் கொடுத்தனுப்புகிறது. இடம்விட்டு நகரவும் பகைவரை எதிர்க்கவும் இயலாத பஞ்சுக்கு நச்சுப்பொருள்களே படைக்கலம். அப்படைக்கலத்தைச் செய்து தரும் கொல்லர்களும் சில இனங்களில் இந்நுண்ணுயிரிகளே. தியோனெல்லா என்னும் ஜப்பானியப் பஞ்சில் கண்டறிந்த அரிய சேர்மங்களுள் பெரும்பாலானவற்றை ஆக்குவது எண்டோதியோனெல்லா என்னும் பாக்டீரியாவே என்பது 2014இல் தெளிவாயிற்று.

இச்செய்தி மருத்துவத்திற்குப் பெரிதும் வேண்டுவது. கரீபியப் பஞ்சொன்றில் 1950களில் கண்ட சேர்மங்களைப் பின்பற்றியே இரத்தப் புற்றுநோய்க்கான சைட்டராபின் உருவாயிற்று. ஹாலிகாண்டிரின் என்னும் சேர்மத்தின் வழிவந்த எரிபுலின், மார்பகப் புற்றுநோய்க்கு 2010இல் ஏற்பளிக்கப்பட்டது. ஆனால் நியூசிலாந்துக் கடலில் எடுத்த ஒரு டன் பஞ்சினின்று கிடைத்த ஹாலிகாண்டிரின் சுமார் 300 மில்லிகிராம் மட்டுமே! மருந்துக்காகப் பஞ்சுகளை அள்ளினால் கடலடி வெறுமையாகும். ஆக்குநர் யாரென அறிந்தால் அவ்வாக்குநரையோ அதன் மரபணுவையோ ஆய்வுக்கூடத்தில் பயன்கொள்ள வழி பிறக்கும். அதற்கும் இடையூறுண்டு. இந்நுண்ணுயிரிகளுள் மிகப்பல பஞ்சைவிட்டுப் பிரித்தால் வளர்வதில்லை.

இக்கூட்டுவாழ்வு குலைவதற்கு வெப்பமே போதும். ஆஸ்திரேலியப் பவளப்பாறைப் பஞ்சொன்றின் நுண்ணுயிர்க் கூட்டம் 31 பாகை செல்சியசு வரை மாறாதிருந்தது. 33 பாகையில் 24 மணி நேரத்திற்குள் அதன் முதன்மைப் பாக்டீரியா மறைந்தது. அயல் நுண்ணுயிரிகள் புகுந்தன. பஞ்சின் உடல் அழுகத் தொடங்கிற்று. மன்னார் வளைகுடாவிலும் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீரின் வெம்மையால் பவளங்கள் வெளிறின.