மாட்டின் கழுத்துப்பட்டி: தோலில் பூவேலை செய்யும் முறை

இடம்பெயர்ந்து கரவெட்டிப் பக்கம் வந்து தங்கிவிட்ட கமக்காரக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போகும்போது, சுவரிலே மாட்டியிருக்கும் பழைய தோற்பட்டி ஒன்றைச் சிலவேளை காண்கிறோம். அதில் பித்தளைச் சலங்கைகள் சில மிஞ்சியிருக்கும். தோலின் மேலே வெட்டப்பட்ட பூக்கொடி மங்கிப்போயிருக்கும். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்தவர்களும் காணியைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. மாட்டைக்கூடப் பலர் அவிழ்த்துவிட்டே வந்தார்கள். ஆனால் சவாரி மாட்டின் கழுத்துப்பட்டியை ஒருவர் கையிலே கொண்டு வந்திருக்கிறார் என்றால், அது வெறும் தோல் அல்ல என்பது எமக்கு விளங்குகிறது.

தைப்பொங்கலையும் சித்திரைப் புத்தாண்டையும் அண்டி நடைபெறும் மாட்டுவண்டிச் சவாரிகளுக்கு இன்றும் பட்டி தேவைப்படுகிறது. ஆனால் பெரும்பாலும் நைலோன் நாடாவும் பிளாஸ்ரிக் பூவுமே கிடைக்கின்றன. நல்ல தோற்பட்டி செய்யும் முறையை இங்கே விளக்குகிறோம். ஒரு குடும்பத்தை முழுதாகத் தாங்கக்கூடிய தொழில் இது என்று நாம் சொல்ல வரவில்லை. பயிர் இல்லாத மாதங்களில் கையில் இருக்கக்கூடிய ஒரு தொழில் இது.

எந்தத் தோல்?

தோல் பதனிடுவதில் இரண்டு வழிகள் முக்கியமானவை. ஒன்று, மரப்பட்டைச் சாற்றில் ஊறவைப்பது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு இதைச் செய்து வந்தார்கள். மற்றது, குரோமியம் என்ற உலோகத்தின் உப்பைக் கொண்டு பதனிடுவது. இன்று சப்பாத்து மேற்தோல்களில் பெரும்பகுதி இரண்டாவது வகையே.

பூவேலைக்கு உகந்தது பட்டைத்தோல் மட்டுமே. அதை நனைத்து அழுத்தினால் அழுத்திய வடிவம் அப்படியே நிற்கும். குரோமியத் தோலோ இறப்பர் போல மீண்டும் எழும்பிவிடும். வாங்கும்போது ஓரத்தை வெட்டிப் பாருங்கள். நடுப்பகுதி நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அது பெரும்பாலும் குரோமியத் தோல். மண்ணிறமாக இருந்து, ஒரு துளி தண்ணீர் பட்டதும் உறிஞ்சிக் கறுத்தால் அது பட்டைத்தோல். பட்டிக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும்.

வீட்டில் பதனிட வேண்டாம்

செலவு குறையும் என்று பச்சைத்தோலை வாங்கி வீட்டிலே பதனிட எண்ணுகிறவர்கள் உண்டு. இதை நாம் ஊக்குவிக்கவில்லை. தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளின் தோல் கழிவுநீர் பாலாற்றையும் ஊர்க் கிணறுகளையும் கெடுத்தது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996இல் தீர்ப்பு வந்தது. எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தங்கும் மழைநீரே எமது கிணற்று நீர். மேலே ஊற்றுவது விரைவில் கீழே இறங்கிவிடும். ஆகவே பதனிட்ட தோலையே வாங்குவோம். சாயம் கழுவிய நீரையும் கிணற்றடியில் ஊற்றாதிருப்போம்.

கருவிகள்

கூரான வார்க்கத்தி, குத்தூசி, தடித்த ஊசி இரண்டு, மரச்சுத்தியல், வழவழப்பான கருங்கல் ஒன்று. இவற்றுடன் பூவேலைக்கென ஒரு சிறு கத்தி வேண்டும். அதன் தலையில் சுட்டுவிரலை வைத்து, பெருவிரலாலும் நடுவிரலாலும் உடலைத் திருப்பித் திருப்பி வளைவுகளை வெட்டலாம். அழுத்துவதற்கான அச்சுகளைப் பெரிய ஆணிகளின் தலையை அராவித் தேய்த்தும் செய்துகொள்ளலாம். ஆனால் ஈரமான பட்டைத்தோலில் இரும்பு நெடுநேரம் கிடந்தால் கறுப்புக் கறை பிடிக்கும். அச்சுகளை மினுக்கி வைத்து, அழுத்தியவுடன் எடுத்துவிடுங்கள்.

செய்முறை

1. மாட்டின் கழுத்தைக் கயிற்றால் அளந்து, கொளுக்கிக்கும் துளைகளுக்கும் மேலதிகமாக விட்டு வார் வெட்டுங்கள். கட்டிய பின் பட்டிக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

2. தோலின் மேற்புறத்தைப் பஞ்சினால் சீராக நனையுங்கள். உடனே வெட்டத் தொடங்காதீர்கள். நிறம் ஏறக்குறையப் பழையபடி திரும்பி, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியும் பதமே சரியான பதம். ஈரம் கூடினால் வடிவம் நில்லாது. குறைந்தால் கத்தி ஓடாது.

3. மெல்லிய தாளில் வரைந்த பூவைத் தோலின்மேல் வைத்து, மொட்டை முனையால் கோட்டின்மேல் அழுத்தி வடிவத்தை இறக்குங்கள்.

4. அந்தக் கோடுகளைச் சிறு கத்தியால் வெட்டுங்கள். தடிப்பின் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஆழம் போதும். ஒரு கோடு மற்றக் கோட்டை ஊடறுத்துச் செல்லக்கூடாது.

5. தோலைக் கருங்கல்லின்மேல் வைத்து, வெட்டிய கோட்டின் வெளிப்புறத்தைச் சரிவான அச்சால் தட்டித் தாழ்த்துங்கள். வெளிப்புறம் தாழத் தாழப் பூ மேலே எழுந்து நிற்கும். இந்த வேலையின் இரகசியம் இதுதான்: பூவை நாம் உயர்த்துவதில்லை, சுற்றியுள்ளதைத் தாழ்த்துகிறோம்.

6. நிழலில் ஒரு நாள் உலரவிடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும்.

7. கறுப்பு நிறத்துக்குக் கடைச்சாயம் தேவையில்லை. பனங்கள்ளு விநாகிரியில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு ஒன்றிரண்டு கிழமை ஊறவிடுங்கள். வாயு உண்டாகுமாதலால் போத்தலை இறுக மூட வேண்டாம். வடித்தெடுத்த நீரைப் பூசினால் பட்டைச் சாறும் இரும்பும் சேர்ந்து தோலே கறுக்கும். பின்னர் அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து உலர்த்துங்கள். முதலில் ஒரு துண்டுத் தோலில் செய்து பாருங்கள்.

8. சிறிதளவு எண்ணெயைத் துணியால் தேயுங்கள். எண்ணெய் கூடினால் பட்டி துவண்டுவிடும்.

9. ஓரங்களின் கூரைச் சீவி, நனைத்து, வழவழப்பான மரத்தால் தேய்த்து மினுக்குங்கள். கூரான ஓரம் வியர்த்த கழுத்தை அறுக்கும். அழகான பட்டி மாட்டைப் புண்ணாக்கினால் அது அழகல்ல.

10. உட்புறத்துக்கு மெல்லிய தோல் ஒன்றை வைத்து, தேன்மெழுகு பூசிய நூலால் தையுங்கள். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் நுழைத்து இழுக்க வேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை விடா. கடைசியாகப் பித்தளைச் சலங்கைகளைப் பிணையுங்கள்.

எந்தப் பூ?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் செரிடன் என்ற சிறு நகரம் உண்டு. அங்கே டொன் கிங் (1923–2007) என்ற சேணத் தொழிலாளர் காட்டுரோசாவைச் சிறு சிறு பூக்களாக, வட்டமாகச் சுழலும் கொடிகளுக்குள் நெருக்கி வெட்டினார். குதிரைக்காரர் சப்பாத்தில் முள்ளைக் கட்டும் வாரிலும், சேணத்திலும், இடைவாரிலும் அந்தப் பாணியைச் செய்கிறார்கள். ஊரின் பெயராலேயே அது அறியப்படுகிறது. தம் ஊரில் பூத்த பூவையே அவர் வெட்டினார். எமக்குப் பூவரசு இருக்கிறது, வெற்றிலைக்கொடி இருக்கிறது, முற்றத்துக் கோலம் இருக்கிறது. கோலம் போடும் பெண்களின் கைகளுக்கு வளைவுகள் முன்பே தெரியும். இது ஆண்களின் வேலை மட்டும் அல்ல.

யாரிடம் கற்பது?

இனி, பலரும் பேசத் தயங்கும் விடயத்துக்கு வருகிறோம். தோல் வேலை எமது சமூகத்தில் ஒரு சாராரின் தலையில் சுமத்தப்பட்டு, அதனாலேயே அவர்கள் இழிவுபடுத்தப்பட்டார்கள். தோல் வேலை கற்கலாம் என்று நாம் சொல்லும்போது, “சாமி, அது எங்கட வேலையில்லை” என்று மெதுவாகச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காணி போனது, கிணறு போனது. இந்த எண்ணம் மட்டும் எங்களுடன் இடம்பெயர்ந்து வந்துவிட்டது.

கோவிலில் முழங்கும் தவிலும், கூத்துக்கு அடிக்கும் மத்தளமும் தோல்தானே. அந்த ஓசை எமக்குத் தீட்டு அல்ல. அதைச் செய்தவரின் கை மட்டும் எப்படித் தீட்டாகும்? புனித பேதுரு யோப்பா நகரில் பல நாள் தங்கியது, கடலோரத்தில் இருந்த தோல் பதனிடும் சீமோனின் வீட்டில் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. எந்த மனிதரையும் தீட்டானவர் என்று சொல்லலாகாது என்ற பாடத்துக்கு வழிவகுத்த காட்சியை அவர் கண்டதும் அந்த வீட்டு மேல்மாடியில்தான்.

இந்த வேலையின் நுட்பம் எழுத்தில் முழுதாக வராது. தோலின் பதத்தைக் கன்னத்தில் வைத்துச் சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட முதியவர்கள் எமது ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலை கொடுக்கப் போகாமல், வேலை கற்கப் போவோம். “அண்ணை” என்று அழைத்து, அவர் வீட்டுத் திண்ணையில் இருந்து, அவர் தரும் தேநீரைக் குடித்துக் கற்போம். கற்பிப்பதற்கு உரிய கூலியையும் கொடுப்போம்.

விட்டுவந்த காணிகள் பல திரும்பக் கிடைத்தும், சில கிடைக்காமலும் இருக்கின்றன. ஊர் திரும்பும் நாளில் எதைக் கொண்டு போகப் போகிறோம், எதை இங்கேயே விட்டுவிட்டுப் போகப் போகிறோம் என்பதையும் இப்போதே தீர்மானிக்கலாம்.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது ஊரில் தோல் வேலை தெரிந்தவர்கள் யார்? அவர்களை நாம் எப்படி அழைக்கிறோம்?
2. எமது கிணற்று நீருக்குத் தீங்கு செய்யாமல் செய்யக்கூடிய கைத்தொழில்கள் எவை?
3. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து தோலை ஒன்றாக வாங்கினால் என்ன நன்மை?