தோற்ற அணிக்கும் ஒரு மேடை வேண்டும்

சில மாதங்களுக்கு முன்பு, சிற்றூர் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் நடைபெற்ற விளையாட்டுப் பரிசளிப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகச் சென்றிருந்தேன். அந்த ஆண்டின் போட்டிகளில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த 11 மாணவ, மாணவியருக்குச் சான்றிதழும் கேடயமும் வழங்கினேன். 'விளையாடுங்கள், ஆனால் படிப்பை மறந்துவிடாதீர்கள்' என்று எல்லாச் சிறப்பு விருந்தினர்களும் சொல்வதையே நானும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

தேநீர் அருந்திவிட்டுப் புறப்படும்போது, ஒரே நிறச் சீருடை அணிந்த மாணவியர் சிலர் பந்தலில் இருந்த நாற்காலிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தனர். பள்ளியின் கபடி அணி என்றார் உடற்கல்வி ஆசிரியர். ஜூன் மாதத்திலிருந்து நாள்தோறும் காலை ஆறரை மணிக்கே மைதானத்துக்கு வந்து பயிற்சி செய்தவர்கள். குறுவட்டப் போட்டியின் முதல் சுற்றில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றுவிட்டார்கள் என்றும் சொன்னார். 'நீங்கள் ஏன் மேடைக்கு வரவில்லை?' என்று அணித் தலைவியிடம் கேட்டேன். 'நாங்க தோத்துட்டோம் சார்' என்றார். 'அடுத்த ஆண்டு வெல்லலாமே' என்றதற்கு, 'நான் டென்த் சார், இதோட முடிஞ்சுது' என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியை எடுக்கப் போய்விட்டார்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் அந்தப் பதில் என்னை விடாமல் தொடர்ந்தது. எதற்குப் பரிசு தருகிறோமோ அதுவே பெருகும் என்பது எங்கள் துறையின் பாலபாடம். அப்படியானால், விளையாட்டுப் பருவத்தின் முடிவில் ஒரு பள்ளி யாரை மேடையேற்றுகிறது என்பது வெறும் சடங்கு அல்ல. அடுத்த ஆண்டு யார் மைதானத்துக்கு வருவார்கள் என்பதை அந்த ஒரு மணி நேர விழா பெருமளவு தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டின் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி, வருவாய் மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக உயர்கின்றன. அதற்கு மேல், இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிகள் இருக்கின்றன. இவை தவிர முதலமைச்சர் கோப்பை, கேலோ இந்தியா என்று வாய்ப்புகள் விரிந்துள்ளன. 2024 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட நான்கு நகரங்களில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில், 38 தங்கம் உள்பட 98 பதக்கங்களுடன் தமிழ்நாடு இரண்டாமிடம் பெற்றது. பெருமைக்குரிய செய்தி இது. ஆனால் பிரமிடின் உச்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அதைத் தாங்கும் அடித்தளம் கண்ணுக்குத் தெரியாது.

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். தோற்ற அணி உடனே வெளியேறும் முறையில் 32 பள்ளிகள் மோதும் கபடிப் போட்டி என்று கொள்வோம். அணிக்கு 12 பேர் என்றால் மொத்தம் 384 மாணவியர். முதல் சுற்று முடிந்ததும் அவர்களில் சரிபாதி, அதாவது 192 பேர், வீடு திரும்ப வேண்டும். மகளிர் கபடி ஆட்டம் இடைவேளை நீங்கலாக அரை மணி நேரமே நடக்கிறது. மாதக்கணக்கான பயிற்சிக்குப் பின் அவர்களுக்குக் கிடைத்தது அந்த அரை மணி நேரம்தான். கடைசியில் வெற்றிக் கோப்பையைத் தொடுவது 12 பேர். இதில் யார் மீதும் குற்றமில்லை; போட்டி முறையின் இயல்பே அது. எவ்வளவு திறமையான தலைமுறை வந்தாலும் 31 அணிகள் தோற்றே ஆகவேண்டும். எனவே வென்றவர்களை மட்டுமே பாராட்டுவது என்று முடிவெடுத்தால், பெரும்பான்மைக் குழந்தைகளைப் பாராட்டுவதில்லை என்று முன்கூட்டியே முடிவெடுத்துவிடுகிறோம்.

வெற்றியாளருக்கே பரிசு என்பதற்கு வலுவான நியாயம் உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர்கள் எட்வர்டு லசியரும் ஷெர்வின் ரோசனும் 1981-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், செய்த வேலையின் அளவைப் பார்க்காமல் தரவரிசையை வைத்துப் பரிசளிக்கும் முறை எப்படி உழைப்பைத் தூண்டுகிறது என்று விளக்கினார்கள். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் பரிசில் உள்ள இடைவெளி போட்டியாளர்களை முழு மூச்சுடன் முயல வைக்கும். ஆனால் போட்டியாளர்கள் ஏறக்குறைய சமமான நிலையில் இருந்தால்தான் இந்தத் தூண்டுதல் சரியாக வேலை செய்யும். எட்டவே முடியாத தொலைவில் பரிசு இருந்தால் பின்தங்கியவர் முயற்சியைக் கைவிடுவார். சவால் இல்லாததால் முன்னணியில் இருப்பவரும் தளர்வார் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சியாளரிடம் முறையாகப் பயிலும் மாணவியும், கோடு போடக்கூடச் சமதளம் இல்லாத பள்ளியில் படிக்கும் மாணவியும் ஒரே களத்தில் இறங்குகிறார்கள். இருவருக்கும் பொதுவான ஒரே அளவுகோல் பதக்கம் மட்டுமே என்றால், இரண்டாமவர் நெடுநாள் களத்தில் நிற்க மாட்டார்.

வளரும் பருவத்தில் வெற்றி என்பதே ஓரளவு பிறந்த தேதியின் கொடையும்கூட. கனடாவின் பனி ஹாக்கி வீரர்களை ஆராய்ந்து, உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் வியப்பான உண்மை ஒன்றை வெளியிட்டார்கள். சிறந்த வீரர்களில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகமாகவும், ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவாகவும் இருந்தனர். வயதுப் பிரிவைக் கணக்கிட அங்கு ஜனவரி 1-ஆம் தேதியை எல்லையாக வைத்திருந்ததே காரணம். ஒரே பிரிவில் ஆடும் இரு சிறுவர்களில் ஒருவர் ஏறத்தாழ ஓராண்டு மூத்தவர். 13 வயதில் ஓராண்டு என்பது உயரத்திலும் எடையிலும் பெரிய வேறுபாடு. மூத்தவர் வெல்கிறார், வென்றவருக்கு மேலும் பயிற்சி கிடைக்கிறது, இடைவெளி வளர்கிறது. நம் பள்ளிப் போட்டிகளிலும் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்ற பிரிவுகளுக்கு ஓர் எல்லைத் தேதி இருக்கத்தான் செய்கிறது. 13 வயதில் தோற்றவரைப் பொருட்படுத்தாமல் விட்டால், 18 வயதில் வெல்லக்கூடியவரை நாமே களத்திலிருந்து அனுப்பிவிட்டவர்கள் ஆவோம்.

பதக்கம் பெறாத மாணவிக்கு விளையாட்டால் என்ன பயன் என்று கேட்கலாம். இதற்கு அமெரிக்காவின் அனுபவம் தெளிவான விடை தருகிறது. கூட்டாட்சி அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1972-இல் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன்பு உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்ற மாணவியர் 3 லட்சத்துக்கும் குறைவு. ஆறே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 20 லட்சத்தைக் கடந்தது. பெட்சி ஸ்டீவன்சன் என்ற பொருளியலாளர் இந்த மாற்றத்தை ஓர் இயற்கைச் சோதனையாகப் பயன்படுத்திக்கொண்டார். சட்டத்துக்கு முன்பே மாணவர்களின் விளையாட்டுப் பங்கேற்பு அதிகமாக இருந்த மாநிலங்கள், அதற்கு ஈடாக மாணவியருக்கும் வாய்ப்புகளைப் பெருமளவில் கூட்ட வேண்டியிருந்தது. மற்ற மாநிலங்கள் குறைவாகக் கூட்டினால் போதும். இரு வகை மாநிலங்களின் பெண்களும் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று அவர் ஒப்பிட்டார்.

2010-இல் வெளியான அவருடைய முடிவு இது: ஒரு மாநிலத்தில் மாணவியரின் விளையாட்டுப் பங்கேற்பு 10 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தால், பெண்கள் கல்லூரிக்குச் செல்வது 1 சதவீதப் புள்ளியும், அவர்கள் வேலைக்குச் செல்வது 1 முதல் 2 சதவீதப் புள்ளிகளும் உயர்ந்தன. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டீவன்சன் கணக்கில் எடுத்துக்கொண்டது பங்கேற்பை, வெற்றியை அல்ல. நேரம் தவறாமை, தோல்வியைத் தாங்குதல், பிறரோடு இணைந்து செயல்படுதல் ஆகியவற்றைக் கற்கக் கோப்பை தேவையில்லை. ஒரு பருவம் முழுவதும் அணியில் நீடித்தால் போதும். நாம் பத்தாம் வகுப்பு வந்ததும் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுத்துவிடுகிறோம். அந்தக் கடன் திரும்பி வருவதேயில்லை.

'எல்லாருக்கும் பரிசு கொடுத்தால் பரிசுக்கு என்ன மதிப்பு?' என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். பொருள்களின் உற்பத்தி பெருகாமல் பணத்தை மட்டும் அச்சடித்தால் பணத்தின் மதிப்பு சரியும்; காரணமில்லாத பாராட்டும் அப்படியே. அனைவருக்கும் ஒரே மாதிரியான பிளாஸ்டிக் கோப்பையை நீட்டினால், அதில் உண்மை இல்லை என்பதைக் குழந்தைகளே முதலில் கண்டுகொள்வார்கள். ஆகவே முதலிடப் பதக்கம் முதலிடத்துக்கே உரியதாக இருக்கட்டும். ஆனால் பதக்கம் வேறு, அங்கீகாரம் வேறு. 'இந்த மாணவி 5 மாதங்களில் ஒருநாள்கூடப் பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை', 'இந்த மாணவர் 800 மீட்டர் ஓட்டத்தில் தன் நேரத்தை 9 விநாடிகள் குறைத்திருக்கிறார்' என்று மேடையில் சொல்வது பணவீக்கம் ஆகாது. அந்தச் சொற்களுக்குப் பின்னால் உண்மையான உழைப்பு இருப்பாக நிற்கிறது. ஒருவரைப் பற்றி உண்மையைச் சொல்வதால் இன்னொருவரின் பதக்கம் தேய்ந்துபோவதில்லை.

நம் நாடு இதை அறியாதது அல்ல. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் மில்கா சிங் நான்காமிடம் பெற்றார். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா விநாடியில் நூறில் ஒரு பங்கு வேறுபாட்டில் வெண்கலத்தை இழந்து நான்காமிடம் பெற்றார். அந்த இரு நான்காமிடங்களையும் நாம் இன்றுவரை நெஞ்சில் வைத்திருக்கிறோம். ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தவரைக் கொண்டாடத் தெரிந்த நமக்கு, குறுவட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்ற அணியின் பெயரை வாசிக்க மட்டும் மனம் வருவதில்லை. உஷாவைப் பின்னாளில் உருவாக்கிய பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார் அவரை முதன்முதலில் கவனித்தது ஒரு விளையாட்டுப் பரிசளிப்பு விழாவில்தான் என்பதும் நினைவுகூரத் தக்கது. உஷாவின் மெலிந்த உடல்வாகும் வேகமான நடையும்தான் அவர் கண்ணில் பட்டன. மேடைக்கு வந்தால்தானே நடையைப் பார்க்க முடியும்?

பருவ முடிவு விழாவைச் சற்று மாற்றி அமைக்கப் பெரிய செலவு ஆகாது. பள்ளியின் சார்பில் எந்தப் போட்டியில் கலந்துகொண்டவரானாலும், மாற்று ஆட்டக்காரர் உள்பட, ஒவ்வொருவர் பெயரையும் மேடையில் வாசிக்க வேண்டும். ஒவ்வொருவரைப் பற்றியும் உடற்கல்வி ஆசிரியர் ஒரே ஒரு உண்மை வரியைச் சொல்ல வேண்டும். 40 பேர் என்றாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. சிறப்பு விருந்தினர்கள் எங்கள் உரையைச் சுருக்கிக்கொண்டால் அந்த நேரம் தானே கிடைத்துவிடும்.

தடகளத்தில் ஒவ்வொருவரும் பருவத் தொடக்கத்தில் எடுத்த நேரத்தையும் தாண்டிய தொலைவையும் ஒரு பதிவேட்டில் குறித்து வைத்தால், முடிவில் மிக முன்னேறியவரை அடையாளம் காணலாம். அதற்குத் தேவை ஒரு நோட்டும் ஒரு நிறுத்து கடிகாரமும்தான். சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டவர், புள்ளி எழுதியவர், காயம்பட்டவரைத் தாங்கி அழைத்து வந்தவர் ஆகியோரும் அந்த அணியைச் சேர்ந்தவர்களே.

பெற்றோரை, குறிப்பாக மாணவியரின் பெற்றோரை, அவசியம் அழைக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிட மட்டுமே பள்ளிக்கு வந்து பழகிய ஒரு தாய், தன் மகளின் பெயரை ஒலிபெருக்கியில் கேட்ட பிறகு, மறுநாள் காலையில் அவளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்குவது குறையும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளியை விட்டுச் செல்லும் பத்தாம் வகுப்பு மாணவ, மாணவியர் மீது தனிக் கவனம் தேவை. உயர்நிலைப் பள்ளியில் அவர்களின் படிப்பு அத்துடன் முடிகிறது. வேறு ஊரில் உள்ள மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும்போது விளையாட்டைத் தொடர்வதா விடுவதா என்பது அந்தக் கோடையில்தான் முடிவாகிறது. மாணவியரில் பலர் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் ஆடிய விளையாட்டையும் காட்டிய திறனையும் குறித்து, சேரப்போகும் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பலாம். எந்தக் கேடயத்தையும்விட அந்தக் கடிதம் அவர்களுக்குப் பயன்படும்.

அன்று அந்தக் கபடி அணியினர் 12 பேரின் பெயர்களையும் கேட்டு, விழா அழைப்பிதழின் பின்புறத்தில் குறித்துக்கொண்டு வந்தேன். தனியாகக் கேட்டு எழுதியது எனக்கு நிறைவு தரவில்லை. அவை மேடையில் வாசிக்கப்பட்டிருக்க வேண்டிய பெயர்கள். ஒலிபெருக்கி என் கையில் இருந்தபோது எனக்கு அது தோன்றாமல் போயிற்று. வரும் பருவத்தின் முடிவில், பரிசளிப்பு விழாவுக்கான பட்டியலைத் தயாரிக்கும் தலைமை ஆசிரியர்களும், அதில் பங்கேற்கச் செல்லும் என் போன்றவர்களும், தோற்ற அணியின் பெயர்களும் அதில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.