நான்கு வரியில் ஒரு நன்றி

பணி நிறைவு விழா நடக்காத பள்ளி இல்லை. பொன்னாடை போர்த்துகிறோம். ஒருவர் பின் ஒருவராக ஒலிவாங்கி முன் வந்து பேசுகிறோம். "நான் புதிதாகச் சேர்ந்தபோது பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான்", "நான் மகப்பேறு விடுப்பில் இருந்தபோது பத்தாம் வகுப்பைக் கரையேற்றியவர் இவர்தான்" என்றெல்லாம் அன்றுதான் சொல்கிறோம். அப்படி ஒரு விழாவில், ஓய்வு பெறும் ஆசிரியை தம் ஏற்புரையில் சொன்னார்: "இதையெல்லாம் முன்பே சொல்லியிருந்தால், நடுவில் இரண்டு முறை மாறுதலுக்கு விண்ணப்பித்திருக்க மாட்டேன்." எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் அதைப் பாதி உண்மையாகவே சொன்னார்.

பள்ளி நடப்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாத உதவிகளால்தான். விடுப்பில் போனவரின் பாடவேளையை ஒருவர் பார்த்துக்கொள்கிறார். எமிஸ் பதிவில் திணறும் மூத்தவர் அருகில் இளைய ஆசிரியர் ஒருவர் போய் அமர்கிறார். மதியம் சாப்பிடாமல் சோர்ந்திருக்கும் பிள்ளையைச் சத்துணவு அமைப்பாளர் கவனித்து வகுப்பாசிரியரிடம் சொல்கிறார். இவற்றுக்கு எழுத்தில் என்ன சான்று இருக்கிறது? நம் கைக்கு வரும் தாள்கள் பெரும்பாலும் சுற்றறிக்கைகளே. தலைமை ஆசிரியர் கையெழுத்துடன் மடித்த தாள் ஒன்று வந்தால், "குறிப்பாணையோ?" என்றுதான் மனம் முதலில் பதறுகிறது.

நன்றி என்ற சொல்

திருக்குறளின் 11ஆம் அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்'. அங்கே 'நன்றி' என்பது நாம் இன்று சொல்லும் உபசாரச் சொல் அன்று; ஒருவர் செய்த நன்மையையே அது குறிக்கிறது. அந்த நன்மையை இன்னது என்று அறிவதே நம் கடமை. ஆகவே 'நன்றி' என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது; எதற்கு என்றும் எழுத வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது

ஆடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜினோ ஆகிய ஆய்வாளர்கள் 2010இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாணவர் ஒருவரின் வேலை விண்ணப்பக் கடிதத்தைத் திருத்த உதவியவர்களிடம் மீண்டும் உதவி கேட்கப்பட்டது. கடிதம் கிடைத்தது என்ற தகவல் மட்டும் பெற்றவர்களில் 32 சதவீதத்தினர் உதவினர்; நன்றியும் பெற்றவர்களில் 66 சதவீதத்தினர் உதவினர். நன்றி பெற்றவர்கள் முன்பின் தெரியாத இன்னொருவருக்கும் கூடுதலாக உதவினர் என்பது அடுத்த சோதனையில் தெரிந்தது.

அமித் குமார், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு நம் தயக்கத்தைப் பற்றியது. நன்றிக் கடிதம் எழுதியவர்கள், படிப்பவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று அளவுக்கு மீறி எண்ணினர். அவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட்டனர். 'என்ன நினைப்பாரோ' என்று நாம் எழுதாமல் விடுவதும் இதே தவறான கணிப்பால்தான்.

இந்தச் சோதனைகளில் நன்றி மின்னஞ்சலில்தான் சென்றது. அப்படியானால் பயன் தருவது சொல்தான், தாள் இல்லை. பிறகு ஏன் கையால் எழுத வேண்டும்? ஆசிரியர் குழுவின் வாட்ஸ்அப்பில் விழும் கைகூப்பும் படம் மாலைக்குள் நூறு செய்திகளுக்கு அடியில் போய்விடும். அது பொதுவில் எல்லோருக்குமான ஒன்று. தாளோ ஒருவருக்கு மட்டும் உரியது. பாடநூலுக்குள் பத்திரமாக இருக்கும். மனம் சோர்ந்த நாளில் எடுத்துப் படிக்கலாம்.

எப்படி எழுதுவது?

"தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்பதை யாருக்கும் எழுதலாம். அதனாலேயே அது யாரையும் தொடாது. இதைப் பாருங்கள்:

"அன்புள்ள கணக்கு டீச்சருக்கு, செவ்வாய்க்கிழமை நான் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது என் 7ஆம் வகுப்பைப் பார்த்துக்கொண்டீர்கள். அது உங்களுக்கு இருந்த ஒரே ஓய்வுப் பாடவேளை என்பது எனக்குத் தெரியும். பின்னக் கணக்கில் பயந்துகொண்டிருந்த பிள்ளைகள் இன்று தாமாகவே பலகைக்கு வந்தார்கள். மிக்க நன்றி."

என்ன செய்தார், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார், அதனால் என்ன நடந்தது, நன்றி. இந்த நான்கும் போதும். நடை அழகாக இருக்க வேண்டியதில்லை. அந்த வாரத்துக்குள்ளேயே கொடுத்துவிடுவது நல்லது.

சில எச்சரிக்கைகள்

நன்றியோடு அடுத்த வேண்டுகோளைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அது கடன் சீட்டாகிவிடும். ஒரே வாசகத்தை எல்லோருக்கும் நகலெடுக்காதீர்கள். படம் எடுத்துக் குழுவில் போடாதீர்கள். ஒருவர் மேலேயே எப்போதும் வேலை விழுகிறது என்றால், அவருக்குத் தேவை நன்றிக் குறிப்பு அல்ல, வேலைப் பகிர்வு. குறிப்பை அதற்கு மாற்றாகக் கொடுத்தால் அவர் சரியாகவே கோபப்படுவார்.

ஆசிரியர்களோடு நின்றுவிடவும் வேண்டாம். தூய்மைப் பணியாளர், சமையலர், இரவுக் காவலர் ஆகியோர் பெயருக்கு எழுத்தில் பாராட்டு வருவது அரிது. படிக்கச் சிரமப்படுபவராக இருந்தால், அருகில் அமர்ந்து படித்துக் காட்டிவிட்டுக் கையில் கொடுக்கலாம்.

20 பேர் பணிபுரியும் பள்ளியில் தலைமை ஆசிரியர் வாரம் ஒரு குறிப்பு எழுதினால், ஒரு கல்வியாண்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டாவது கிடைக்கும். சில மாதங்களில், மடித்த தாளைக் கண்டு யாரும் பதற மாட்டார்கள்.

இந்த வாரம் உங்கள் பாடவேளையைப் பார்த்துக்கொண்டவர் யார்? அவர் பெயரை எழுதித் தொடங்குங்கள். பணி நிறைவு விழா வரை காத்திருக்க வேண்டாம்.