கிலுகிலுப்பை எப்போதும் ஒலிக்காது

அமெரிக்காவில் மலைப்பாதையிலோ பாலைவனத்திலோ நடக்கக் கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் எச்சரிக்கை ராட்டில் ஸ்னேக். நம் மொழியில் சொன்னால் கிலுகிலுப்பைப் பாம்பு. வால் நுனியில் கிலுகிலுப்பை வைத்திருக்கும் ஒரு விரியன். "கிட்ட போனா அதுவே சத்தம் போட்டுடும், பயப்படாதீங்க" என்று ஒரு தைரியமும் கூடவே சொல்வார்கள். அந்தத் தைரியம்தான் ஆபத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அந்தச் சத்தம். கிலுகிலுப்பைக்குள் விதையோ மணியோ எதுவும் இல்லை. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆன வளையங்கள், ஒன்றோடொன்று தளர்வாகக் கோத்திருக்கும். வால் தசைகள் படுவேகமாக ஆட்ட, வளையங்கள் மோதி ஒலி வருகிறது. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் கூடும். வருடத்தில் பல முறை உரிக்கலாம், பழைய வளையங்கள் உடைந்தும் போகும். அதனால் வளையத்தை எண்ணி வயது சொல்வதெல்லாம் கதை.

கரன்ட் பயாலஜி இதழில் 2021-ல் வந்த ஓர் ஆய்வு சுவாரசியமானது. நாம் நெருங்க நெருங்க பாம்பு ஆட்டும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் சட்டென்று இன்னும் அதிக வேகத்துக்குத் தாவுகிறது. கேட்பவருக்குப் பாம்பு உண்மையில் இருப்பதைவிடப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றிவிடும். அதாவது, "தள்ளிப் போ" என்று பாம்பு கெஞ்சுகிறது. விஷம் அதற்கு இரை பிடிக்கும் சொத்து. நம் மீது வீணடிக்க அதற்கு விருப்பமில்லை.

ஆனால் சத்தம் அதன் முதல் பாதுகாப்பு இல்லை. முதல் பாதுகாப்பு, அசையாமல் கிடப்பது. மண், கல், சருகு நிறத்திலேயே அதன் தோலும் இருப்பதால், பக்கத்தில் நாம் நடந்து போனாலும் பல சமயம் சத்தமே போடாது. பிறந்த குட்டிக்கு வாலில் ஒரே ஒரு முடிச்சுதான் இருக்கும்; மோத இன்னொரு வளையம் இல்லாததால் ஒலி வராது, விஷம் மட்டும் உண்டு. மெக்சிகோவின் சாண்டா கத்தலினா தீவில் வாழும் இனத்துக்குக் கிலுகிலுப்பையே கிடையாது.

ஆக, காதை நம்பிப் பயனில்லை. நம்ப வேண்டியது கண்ணை. பார்க்காத இடத்தில் கையையும் காலையும் வைக்காதீர்கள் என்பதுதான் மொத்தப் பாடமும்.

பாறையில் ஏறும்போது மேலே தெரியாத விளிம்பைப் பிடிக்காதீர்கள். குறுக்கே விழுந்த மரத்தை அப்படியே தாண்டாமல், மேலே ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள். உட்காரும் முன் கல்லைச் சுற்றிப் பாருங்கள். உயரமான புல்லை விட்டுப் பாதை நடுவில் நடங்கள். கணுக்காலுக்கு மேல் வரும் ஷூ, நீளமான பேன்ட் போடுங்கள், செருப்பு வேண்டாம். கோடையில் பகல் வெயிலுக்கு ஒதுங்கும் பாம்பு இரவில்தான் வெளியே வரும். அப்போது டார்ச் இல்லாமல் கூடாரத்தைவிட்டு இறங்காதீர்கள்.

சத்தம் கேட்டுவிட்டால்? குதிக்காதீர்கள். நின்று, எங்கே இருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடித்து, மெல்லப் பின்வாங்குங்கள். அதன் பாய்ச்சல் பொதுவாகத் தன் நீளத்தில் பாதி தூரம்தான். ஆறடிக்கு மேல் தள்ளி நின்றால் அது தன் வழியில் போய்விடும்.

அரிசோனா, டெக்சாஸ், கலிபோர்னியாவில் பிள்ளைகள் வீட்டுக்கு ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பாம்பு என்றதும் கம்பைத் தேடுவது நம் பழக்கம். அடிக்கப் போய், பிடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் அங்கே நிறையப் பேர். செத்த பாம்பையும் தொடக்கூடாது. வெட்டுப்பட்ட தலைகூடக் கொஞ்ச நேரத்துக்கு அனிச்சையாகக் கடிக்கும்.

கடித்துவிட்டால் நம்மூர்க் கைவைத்தியம் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டுவது, கீறி ரத்தம் எடுப்பது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எல்லாமே கெடுதல். இந்த விஷம் கடிவாயைச் சுற்றியுள்ள தசையையே அழிக்கும். கட்டுப் போட்டால் விஷத்தை அங்கேயே தேக்கி, ரத்த ஓட்டத்தையும் நிறுத்திவிடுகிறோம். விரலையோ கையையோ இழக்க அதுவே காரணமாகலாம். பாம்பைவிட்டு விலகி, 911-ஐ அழையுங்கள். வீங்கும் முன் மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஆளை அமைதியாக உட்கார வையுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. விஷமுறிவு மருந்து மட்டுமே மருந்து, அது மருத்துவமனையில் இருக்கிறது.

அமெரிக்காவில் எல்லா விஷப்பாம்புகளும் சேர்த்து ஆண்டுக்கு ஏழாயிரம், எட்டாயிரம் பேரைக் கடிக்கின்றன; இறப்பவர்கள் சுமார் 5 பேர். பிழைப்பது பெரும்பாலும் நிச்சயம். ஆனால் பிழைத்தவர்களில் சிலருக்கு விரல் மடங்குவதில்லை, சிலருக்குக் கால் பழையபடி ஊன்றுவதில்லை. மருந்தின் ஒரு குப்பியே ஆயிரக்கணக்கான டாலர். ஒரு கடிக்குப் பல குப்பிகள் தேவைப்படும்.

அதனால், நடக்கும்போது இயர்போனைக் கழற்றி வையுங்கள். சத்தம் கேட்டால் நல்லது. கேட்காவிட்டாலும் கண் காலடியில் இருக்கட்டும்.